கன்வென்ஷன் முடிந்து இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறேன். விசுவாசத்தில் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வது எப்படி?

கன்வென்ஷன் என்கிற எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீரோடு ஒப்புக்கொடுக்கிறீர்கள், அதிகாலையில் ஜெபிப்பேன், வேதம் முழுவதும் வாசிப்பேன் என்று தீர்மானம் எடுக்கிறீர்கள், பதினைந்து நாளில் அது போய்விடுகிறது, அதற்குப் பிறகு ஆலயத்துக்குப் போகவே மனசு கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போகிற சாதாரண ஆள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஊழியக்காரன் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன். நீங்கள் சொன்ன அதே இடத்தில் நான்கு வருஷம் நின்றிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான்கு வருஷமும் கூட்டத்தின் கடைசி ராத்திரி "ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழும்பி நில்லுங்கள்" என்று சொன்னதும் நின்றேன். பொய்யாக நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போடுவேன்: வேதத்தில் 1189 அதிகாரம், தினம் மூன்று அதிகாரம் என்றால் சுமார் பதின்மூன்று மாதத்தில் முழுசாக முடிந்துவிடும். ஆதியாகமம் ஓடிவிடும், யாத்திராகமம் பாதிவரை ஓடும், ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும்போது ஒருநாள் விடும், அடுத்த நாள் ஆறு அதிகாரம் வாசிக்க வேண்டியிருக்கும், அதற்கு அடுத்த நாள் ஒன்பது. லேவியராகமத்தை நான் ஒருதடவையும் தாண்டவில்லை.

எங்கே தப்பு என்று எனக்குப் புரிந்தது அதே யாத்திராகமத்தில்தான், 16-ம் அதிகாரத்தில். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த ஆகாரமான மன்னாவை அவனவன் அன்றன்றைக்குத் தேவையான அளவு பொறுக்க வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று மீதி வைத்தவர்களுக்குப் புழு பிடித்து நாறிப்போனது. நான் கன்வென்ஷனில் மூன்று நாள் பொறுக்கியதை வருஷம் முழுக்க வைத்துத் தின்னப் பார்த்திருக்கிறேன். கூட்டத்தைக் குறை சொல்லவில்லை, அங்கே எனக்குக் கிடைத்தது நிஜமானதுதான், ஆனால் அது அன்றைக்கு உள்ளது.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் வேலை விடியுமுன் தொடங்கும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு நாலு மணிக்குத் தோட்டத்தில் இறங்கினால், 300 மூடு, அதாவது 300 மரம், வெட்டி முடிக்க ஏழு ஆகிவிடும். வெட்டின உடனே பால் எடுக்க முடியாது. அது சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் விழுந்து நிற்க இரண்டு மணி நேரமாவது வேண்டும், அதுவரை சும்மா இருக்க வேண்டியதுதான். இருபது வருஷமாக அந்த நேரத்தில் பீடியும் போனும்தான். அதிகாலை நாலு மணிக்கு ஒருமணி நேரம் ஜெபிப்பேன் என்று பொருத்தனை பண்ணினபோதெல்லாம், நாலு மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்பதையே யோசிக்கவில்லை. என் நாளில் ஏற்கெனவே ஒரு இடம் காலியாகக் கிடந்தது, அதை விட்டுவிட்டு இல்லாத இடத்தைத் தேடியிருக்கிறேன்.

சட்டைப்பையில் அடங்குகிற ஒரு புதிய ஏற்பாடு வீட்டில் கிடந்தது, மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்தது. அதை எடுத்துப் பையில் போட்டேன். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற ஷெட்டின் படியில் உட்கார்ந்து மாற்கு சுவிசேஷம், ஒருநாளைக்கு எட்டு வசனம், அவ்வளவுதான். எட்டு ஏன் என்றால் அதற்கு மேல் வாசித்தால் முதலில் வாசித்தது எனக்கு மறந்துவிடுகிறது. மாற்குவில் மொத்தம் 678 வசனம், எட்டெட்டாகப் போனால் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். வாசித்ததில் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பால் எடுக்கப் போகும்போது மரத்துக்கு மரம் அதையே நினைத்துக்கொண்டு போவேன், அதையே ஜெபமாக்கிச் சொல்லுவேன், சத்தம் இல்லாமல். என் புத்தகத்தில் மாற்கு 2-ம் அதிகாரப் பக்கம் இன்றும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, விரலில் இருந்த ரப்பர் பால் காய்ந்து மூலையில் மஞ்சளாக, தோல் மாதிரி நிற்கிறது. பிரித்தால் கிழிந்துவிடும், அதனால் திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கின பகுதியை மட்டும் போனில் வாசித்தேன்.

இதுவும் விட்டுப்போனது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறதாக ஆகும். ஜூன் மழை பிடித்ததும் வெட்டு நின்றது, வெட்டு நின்றதும் வாசிப்பும் நின்றது, ஏனென்றால் ஷெட்டில் போய் உட்காருகிற நேரமே இல்லை. எங்கள் பக்கம் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அதுபோக ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிர்கிற காலம். எல்லாம் கூட்டினால் வருஷத்தில் எத்தனையோ நாள் வெட்டு இருக்காது. பழைய ஆளாக இருந்தால், எல்லாம் போச்சு, அடுத்த கன்வென்ஷனில் பார்க்கலாம் என்று விட்டிருப்பேன். இந்தத் தடவை என் வீட்டுக்காரிதான் கேட்டாள், "மழைன்னா கட்டஞ்சாயா குடிக்காமலா இருக்கீங்க?" என்று. கட்டஞ்சாயா என்றால் பாலில்லாத தேநீர். அதனால் வெட்டில்லாத நாளில் கட்டஞ்சாயா டம்ளரோடு அடுக்களைத் திண்டில் உட்கார்ந்து அதே எட்டு வசனம். விட்டுப்போன நாட்களைக் கூட்டிச் சேர்த்து வாசிப்பதில்லை என்று முதலிலேயே வைத்துக்கொண்டேன், அதில் நான் கறாராக இருக்கிறேன். விட்டது விட்டதுதான், இன்றைக்கு உள்ளது இன்றைக்கு.

குடும்ப ஜெபத்தைப் பற்றியும் கொஞ்சம். என் அப்பா காலத்தில் அது முக்கால் மணி நேரம் நடக்கும், நாங்கள் பிள்ளைகள் முழங்காலில் நின்றபடியே தூங்கிவிடுவோம். நான் பத்து நிமிஷமாக வைத்திருக்கிறேன்: ஒரு கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும், ஒரு சங்கீதம், அப்புறம் ஆளுக்கு ஒரு வரி ஜெபம், பரமண்டல ஜெபத்தோடு முடிவு. 119-ம் சங்கீதம் மட்டும் 176 வசனம், ஆனால் அது ஆலெப், பேத் என்று எபிரெய எழுத்து வரிசையில் 22 பகுதியாக, பகுதிக்கு எட்டு வசனமாகத்தான் இருக்கிறது, அதனால் அதற்கு 22 நாள். மகள் இரண்டு வாரம் தொடர்ந்து பக்கத்து வீட்டுப் பசுவுக்காக ஜெபித்தாள், அதற்குக் காலில் புண். சின்னப் பிள்ளை ஜெபம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் என் வீட்டுக்காரி மஞ்சளும் வேப்பெண்ணெயும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். அதுவரை அந்த வீட்டோடு எங்களுக்கு வேலியோடு நிற்கிற பழக்கம்தான்.

அம்மா இருக்கிறவரை எங்கள் வீட்டில் பிடியரிசிப் பானை உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன மண்பானையில் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை அது துணிப்பையில் ஆலயத்துக்குப் போகும். அரிசி குறைவாக இருக்கிற நாளில் பிடி சின்னதாகும், போடாமல் விடமாட்டாள். ஒருதடவை நான், "இன்னைக்கு நமக்கே இல்லியே" என்று சொன்னதற்கு, முதலில் போட்டுவிட்டுத்தான் மீதி நமக்கு என்றாள், அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. இப்போது என் வீட்டில் மறுபடியும் அந்தப் பானை இருக்கிறது. எங்கள் சபையில் இப்போது அரிசி எடுப்பதில்லை, அதனால் மாதக் கடைசியில் அது தனியாக இருக்கிற ஒரு பாட்டி வீட்டுக்குப் போகிறது.

எங்கள் ஜில்லாவில் சபை தொடங்கின கதையே இப்படி வீட்டிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றும். கடற்கரையில் 1544-லேயே சவேரியார் வந்து ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் கொடுத்தார், அது வேறு வரலாறு. உள்நாட்டில் எங்கள் சபைகளின் தொடக்கம் மயிலாடிக்காரர் ஒருவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பி வந்தார். மிஷனரி ரிங்கல்தௌபே இங்கே வந்தது 1806-ல், மயிலாடியில் ஆலயம் கட்டினது 1809-ல். அதற்கு முன்னால் ஆலயம் கிடையாது, ஐயர் (போதகர்) கிடையாது, கன்வென்ஷன் பந்தல் கிடையாது. ஒரு மனுஷன் தன் வீட்டில், தன் ஜனங்களோடு உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம், மேலே உள்ளது எல்லாம் இதற்காகத்தான்.

மாற்கு 11-ம் அதிகாரம் 25-ம் வசனத்தில் நான் நின்றுபோனேன். நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்பேரில் குறை இருந்தால் அதை மன்னியுங்கள் என்று இயேசு சொல்லுகிறார். எனக்கு என் அண்ணன்பேரில் ஆறு வருஷமாகக் குறை. அப்பா நட்ட ஒரு அயனி மரம் (தடிக்கு ஆகிற காட்டுப் பலா) எங்கள் இரண்டு பேர் புரையிடத்துக்கும், அதாவது வீட்டு மனைக்கும், நடுவில் நின்றது. வீட்டுக்கு ஓடு மாற்றப் பணம் இல்லாதபோது, அது என் பக்கம்தான் நிற்கிறது என்று சொல்லி நான் அதைத் தடி வியாபாரிக்கு 42,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு, கல்லறைத் தோட்டத்து வாசலில், சபையார் எல்லோரும் பார்க்க அண்ணன் என்னைக் கள்ளன் என்று சொன்னான். அதற்குப் பிறகு பேச்சில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு பீடத்துக்கு முன்னால் இருக்கிற ஒரே கிராதியில் முழங்கால் போட்டிருக்கிறோம், நடுவில் நாலு பேரை விட்டு.

அந்த எட்டு வசனத்தை மூன்று வாரம் தாண்ட முடியவில்லை. தினம் அதையே வாசித்தேன். முதலில் செய்தது, ஜெபத்தில் அண்ணன் பெயரைச் சொன்னது மட்டும்தான், என்ன வேண்டுவது என்று தெரியாமல் வெறும் பெயர். அப்புறம் அவன் வீட்டு வழியாகப் போகிற பாதையைத் தவிர்ப்பதை விட்டேன். ஒருநாள் மத்தியானம் மழை இறங்கியது, அண்ணன் வீட்டில் ஆள் இல்லை, அசையில் (கட்டின கொடியில்) அவனுடைய ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் எல்லாவற்றையும் வாரி ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிற அவனுடைய புகைப்புரையில் போட்டேன். முப்பது ஷீட்டுக்கு மேல் இருக்கும். அது யார் வேலை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், ஒன்றும் கேட்கவில்லை.

பெயரைச் சொல்லிச் சொல்லி ஜெபித்ததில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவனை மன்னிக்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நாள் போகப்போக அந்த மரம்தான் கண்ணில் நின்றது. அப்பா அதை நட்டபோது குழி தோண்டினது அண்ணன், நான் அப்போது கைக்குழந்தை. வாசலில் வைத்துச் சொன்ன விதம் தப்புதான், ஆனால் அவன் சொன்ன விஷயம் தப்பில்லை. இதை எந்தக் கூட்டத்திலும் நான் அறிக்கை செய்யவில்லை, ஏனென்றால் இது பாவம் என்றே எனக்குத் தெரியாது.

அதில் பாதி 21,000. மொத்தமாகக் கொடுக்க என்னிடம் இல்லை. மாதம் 3,000 வீதம் ஏழு மாதம் என்று வைத்து, முதல் மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். அண்ணன் திண்ணையில் இருந்தான், பணத்தைப் பார்த்தான், கை நீட்டவில்லை. மைனி (அண்ணன் மனைவி) வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டாம் மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் "ஒட்டுப்பாலுக்கு இப்ப என்ன விலை போகுது?" என்று கேட்டான் (சிரட்டையிலும் மரத்திலும் காய்ந்து ஒட்டுகிற ரப்பர்தான் ஒட்டுப்பால்), சொன்னேன். ஏழாம் மாதம் அவனே வாங்கி, எண்ணி, மடியில் வைத்துக்கொண்டு, "மழைக்கோளு இருக்கு, நனையாம போ" என்றான்.

இதை ஒப்புரவாகுதல் என்று சாட்சி சொல்ல இன்னும் முடியாது. போன கிறிஸ்மசுக்கு அவன் வீட்டிலிருந்து யாரும் சாப்பிட வரவில்லை. அண்ணன் மகள் மட்டும் சாயங்காலம் வந்து என் மகளோடு உட்கார்ந்து முந்திரிக்கொத்து தின்றுவிட்டுப் போனாள்.

நீங்கள் சின்னச் சின்னதாக என்ன செய்வது என்று கேட்டீர்கள். உங்கள் நாளில் சும்மா கிடக்கிற பத்து நிமிஷம் எது என்று பாருங்கள், பஸ்ஸுக்கு நிற்கிற நேரமோ, சோறு வேகிற நேரமோ. நாளைக்கு மாற்கு முதல் அதிகாரத்தின் முதல் எட்டு வசனம். போகப்போக ஒருநாள் ஒரு வசனம் உங்களைத் தாண்ட விடாது, எது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போகாதீர்கள், அங்கேயே இருங்கள். யாராவது ஒருவர் பெயர் வந்தால், முதலில் பெயரை மட்டும் சொல்லுங்கள்.