ஆறு பாட்டும் ஒப்பாரியா?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கத்து நண்பர்கள் எட்டுப் பேர், ஆளுக்கொரு பாட்டுப் போட்டு ‘நிலையாமை’ என்ற தலைப்பில் ஒரு தொகுப்பு வெளியிட இருக்கிறோம். நான்தான் தொகுப்பாளர். இதுவரை வந்த ஆறும் சாவைப் பற்றிய மெதுவான பாட்டுகள். நான்கு புல்லாங்குழலில் தொடங்குகின்றன. தனித்தனியாக நன்றாக இருக்கின்றன, சேர்த்துக் கேட்க முடியவில்லை. திருப்பி அனுப்பினால் மனஸ்தாபம் வருமோ?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நண்பர்களைக் குறை சொல்லாதீர்கள். ‘நிலையாமை’ என்று மொட்டையாகச் சொல்லிவிட்டால் எட்டுப் பேரும் நேரே சுடுகாட்டுக்குத்தான் போவார்கள். பழைய ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். நாலடியார் எடுத்த எடுப்பிலேயே செல்வம், இளமை, யாக்கை (அதாவது உடம்பு) என்று மூன்று அதிகாரமாகப் பிரித்துக்கொண்டது. திருமந்திரத்தில் உயிரும் சேர்ந்துகொள்கிறது. பணம் போவதும் வயசு போவதும் ஒரே ராகத்தில் பாட வேண்டிய சங்கதிகளா என்ன? பணம் போனதைக் கேலியாகவே பாடலாமே.

பாட்டு வராத இருவருக்கும் தலைப்பை மறுபடி சொல்லாதீர்கள். கண்ணால் பார்க்கிற ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? சித்தூர்த் தோப்பில் காலையில் இறக்கிய கள் பொழுது சாய்வதற்குள் புளித்துவிடும். அதை வண்டியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்கு விரட்டுகிறவரின் அவசரத்தில் நல்ல துள்ளல் தாளம் இருக்கிறது. இல்லையென்றால் ஆழியாற்றுத் தண்ணீர். தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையில் உள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வர வேண்டும். வருமா வராதா என்று வாய்க்கால் கரையில் நடக்கும் பேச்சை, தலைமடைக்காரர் ஒருவர், கடைமடைக்காரர் ஒருவர் என்று இரண்டு குரல் பாட்டாக்கலாம். தத்துவம் என்ற சொல்லே அதில் வர வேண்டாம்.

சரி, வந்துவிட்ட ஆறு பாட்டையும் என்ன செய்வது? யாருக்கும் தனியாகத் திருப்பி அனுப்பாதீர்கள், அங்கேதான் மனஸ்தாபம் முளைக்கும். எட்டுப் பேரும் ஒரு வீட்டில் கூடி, நிறுத்தாமல் வரிசையாகக் கேளுங்கள். மூன்றாவது புல்லாங்குழல் வரும்போது அவர்களே சிரித்துவிடுவார்கள். அப்புறம் “குழலை எடுத்துவிட்டு ஒரு தரம் அனுப்பேன்” என்று கேட்பது சுலபம். மெதுவான பாட்டு இரண்டு இருக்கட்டும், அடுத்தடுத்து மட்டும் வைக்காதீர்கள். கடைசி முடிவு உங்களுடையது என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எட்டுப் பேரும் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு வரிசை அமைத்தால் தொகுப்பு விளங்காது.

நீங்கள் கேட்காத ஒரு யோசனை. பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமேடைகளான கூத்துமாடங்களில், தோல்பாவைக்கூத்து நடத்தும் புலவர்கள் இன்றும் கம்பனைப் பாடுகிறார்கள். மலையாள நாக்கில் அந்தத் தமிழ் தனி ருசி. போர்க்களத்தில் ராவணன் விழுந்து கிடக்கும் இடத்தைவிட நிலையாமைக்கு வேறென்ன வேண்டும்? ஒருவரை முறையாக அழைத்துப் பாடவையுங்கள். திருவிழாவில் போனில் பிடித்த துண்டை வெட்டி ஒட்டுவது வேண்டாம். பாடியவரின் சம்மதம் சட்டப்படியே தேவை. பணத்தை முன்னாலேயே கொடுத்து, பெயரையும் போடுங்கள்.

ஒலி விஷயம் பெரிதில்லை. எல்லோரும் சத்தத்தை ஏற்றாமல் 24 பிட் வேவ் கோப்பாகத் தரட்டும், எல்லாப் பாட்டின் ஒலியையும் கடைசியில் சமன்செய்யும் மாஸ்டரிங்கை ஒரே ஆள் செய்யட்டும்.

எழுத்தில் ஒரு ஒப்பந்தம் மட்டும் கட்டாயம். நாலடியாருக்கும் திருமந்திரத்துக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்தக் காலத்துக் கவிஞரின் வரி என்றால், அவர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை உரிமை உண்டு. உங்களுக்குள் பாட்டின் உரிமையை எழுதிக் கொடுக்கும்போது அது எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாமல் விட்டால் சட்டம் அதை 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு வெளிநாட்டுக் கேட்பவர்களிடமிருந்து வரும் காசுக்குப் பஞ்சாயத்து வரும். உறையில் யார் பெயர் முதலில் என்று சண்டை வந்தால் அகரவரிசையில் போட்டுவிடுங்கள்.