சுற்றுச்சூழல் படிப்பும் பெண் தலைமையும்: அவிநாசித் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த உங்கள் மகள் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க விரும்புவதையும், "சாயத் தண்ணியைப் பாக்கற வேலைக்கா புள்ளையப் படிக்க வெக்கறது?" என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதையும் எழுதியிருந்தீர்கள். நம் பகுதியில் ஒரு பெண் நிர்வாகத்தில் முடிவெடுக்கும் இடத்துக்கு உயர்வதற்கு அந்தத் தண்ணீர் வேலையே நல்ல வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டிய விவசாயிகள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதிலிருந்து, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு இல்லாமல் பட்டறை நடத்த முடியாது என்ற நிலை வந்துவிட்டது. சுத்திகரித்த நீர், உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வுகளைக் கடந்தபின் மிஞ்சும் கடும் உப்புநீரை ஈவாப்பரேட்டர் என்னும் ஆவியாக்கும் கருவியில் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து, மறுபடி சாயமேற்றவே அனுப்புகிறார்கள். காய்ச்சுவதற்கு ஆகும் நீராவிச் செலவுதான் முதலாளிக்குப் பெரிய சுமை. ஆகவே சாயமேற்றும் இடத்திலேயே உப்பையும் தண்ணீரையும் குறைத்துக் கணக்கோடு காட்டக்கூடிய பொறியாளரின் சொல்லுக்கு, ஆணோ பெண்ணோ, நிறுவனத்தில் மதிப்பு உண்டு.

அதனால் குறுகிய காலச் சான்றிதழ் எதையும் முதல் படிப்பாகக் கொள்ள வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் எரிசக்தி மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல், அல்லது வேதிப் பொறியியல், ஜவுளித் தொழில்நுட்பம் ஆகியவற்றுள் ஒன்றில் அடித்தளம் அமையட்டும். பங்குச் சந்தையில் பட்டியலிட்டு, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவு ஆகியவற்றோடு இயக்குநர் குழுவில் பெண்களின் பங்கையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 2022-23 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியுள்ளது. இந்த அறிக்கையைத் தயாரிக்கும் திறமை பட்டறை அனுபவத்தின்மேல்தான் நிற்கும்.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. பசுமை பேசும் நிறுவனங்கள் எல்லாம் பெண்ணுக்கு அதிகாரம் கொடுப்பதில்லை; சரக்கு வாங்கும் பையர் வரும் நாளில் கோப்புகளைக் காட்ட மட்டும் பெண்ணை நிறுத்தும் இடங்களும் இருக்கின்றன. வேலைக்குப் போகும்போது, சுற்றுச்சூழல் பொறுப்பாளர் நேராக நிர்வாக இயக்குநரிடம் பேசுகிறாரா, சுத்திகரிப்பு கெட்டால் உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். இரவு ஷிப்டுக்கு வண்டி வசதியும், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவும் உள்ளனவா என்பதை நீங்களே விசாரியுங்கள்.

வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பங்கள் தனித்தனி. இரண்டிலும் பதிந்து வையுங்கள். விருப்பப் பட்டியல் கொடுப்பதற்கு முன், பல பட்டறைகளின் கழிவுநீரை ஒன்றாகச் சுத்திகரிக்கும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுமதி கேட்டு மகளை அழைத்துச் சென்று, அங்குள்ள பொறியாளரிடம் அரை மணி நேரமாவது பேச விடுங்கள்.