குருப்பட்டத்துக்குக் காத்திருக்கும் டீக்கனுக்கு மூத்த குரு என்ன கற்றுத்தரலாம்?

"எங்கள் சேகரத்துக்கு (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளுக்கு) இளம் டீக்கன் வந்திருக்கிறார், நான் எதில் தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தென்னிந்தியத் திருச்சபையில் டீக்கன் பிரசங்கிக்கலாம், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் உதவலாம். தலைமையேற்று அதை நடத்துவது பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் தந்த பிறகுதான். இந்த இடைக்காலத்தை அவருடைய பிரசங்கத்தைத் திருத்துவதிலேயே கழித்துவிடாதீர்கள். அதை இறையியல் கல்லூரியிலேயே சொல்லித்தந்திருப்பார்கள்.

சாவு வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். எப்போது ஜெபிப்பது, எப்போது வாய் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது என்பதெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் படியும். திரும்பி வரும் வழியில், "தம்பி, இன்றைக்கு எது உறுத்தியது?" என்று மட்டும் கேளுங்கள். சேகரக் கமிட்டியில் கணக்குச் சண்டை வந்தாலும் அவரை வெளியே அனுப்பாதீர்கள் (அதற்குப் பாடநூல் கிடையாது!). அவர் உங்களிடம் மனம்விட்டுச் சொன்னது கமிட்டிக்காரர் காதுக்குப் போகக்கூடாது.