கர்ப்பத்தில் மங்கு வந்திருக்கிறது, மெடிக்கலில் கொடுத்த க்ரீமைப் போடலாமா?

ஆறாம் மாசம், இரண்டு கன்னத்திலும் மங்கு, வயிறெல்லாம் அரிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். க்ரீமைப் போடாதீர்கள். முதலில் அந்த ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

மங்குக்கென்று கேட்டால் கடையில் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது மூன்று மருந்து சேர்ந்த கலவை: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். ஹைட்ரோகுவினோன் நிறத்தைக் குறைக்கும் மருந்து; பூசியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போய்விடும். ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ வகை. அதே வகை மாத்திரையான ஐசோட்ரெட்டினாயின் கருவின் உறுப்புகளைக் கெடுக்கும் என்பதால், க்ரீமையும் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள். மொமெட்டசோன் ஸ்டீராய்டு. கொஞ்ச நாள் முகம் பளபளக்கும். அதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டக்காவும் வாங்குவார். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் சிவந்து எரியும். 2018-லேயே பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இருந்தும் சோப்பு வாங்குவதுபோல வாங்கிவர முடிகிறது. கடைக்காரர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறேன் என்பவர்களுக்கு: சீட்டைக் கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். எல்லா ஸ்டீராய்டும் விஷம் என்றும் சொல்லவில்லை; வயிற்று அரிப்புக்கு மிதமான ஒன்றை மருத்துவரே எழுதித் தரலாம்.

மங்கு அழுக்கில்லை, தேய்த்தால் போகாது. ஹார்மோன் நிறமி செல்களை உசுப்பி வைத்திருக்கிறது, வெயில் பட்டால் அவை வேலையை ஆரம்பிக்கும். எலுமிச்சையும் கடலை மாவும் போட்டுத் தேய்த்தால் எரிந்து இன்னும் கறுக்கும். துத்தநாக ஆக்ஸைடு அல்லது டைட்டானியம் டை ஆக்ஸைடு உள்ள, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் வாங்குங்கள். தோல் நிறச் சாயலோடு இருந்தால் இன்னும் நல்லது; அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும், மங்குக்கு அதுவும் எதிரி. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனி வரை கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பயறளவு தொட்டுத் தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. பதினொரு மணிக்கு மாடியில் துணி காயப்போடுவதும் வெளியில் இருப்பதுதான். மருந்தே வேண்டுமென்றால் அஸெலாயிக் அமிலம் கர்ப்பத்தில் போடக்கூடியது, மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

குங்குமப்பூப் பால் பிடித்தால் குடியுங்கள். பிள்ளையின் நிறம் பெற்றோர் மரபணுவில் இருக்கிறது, டம்ளரில் இல்லை. கறுப்பாகப் பிறந்தால் என்ன குறைந்துவிடும் என்று இன்னும் எத்தனை காலம் கேட்பது?

வயிற்றுக்கு வருவோம். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ மணமில்லாத மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். அரிப்பு குறையும். வரி விழுவதை மட்டும் எண்ணெய் தடுக்காது. கிழிவது தோலின் நடு அடுக்கு, எண்ணெய் அதுவரை இறங்காது. அம்மாவுக்கு விழுந்திருந்தால் உங்களுக்கும் விழ வாய்ப்பு அதிகம். விலை கூடிய பாட்டில் வாங்கிய காசு வீண்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, ராத்திரியில் அதிகமானால் அது தோல் கோளாறில்லை. பித்தநீர் ஈரலில் தேங்கி ரத்தத்தில் ஏறும் கோளாறாக இருக்கலாம், பெரும்பாலும் ஏழாம் மாசத்துக்குப் பிறகு வரும். ரத்தத்தில் பித்த அமிலமும் ஈரல் பரிசோதனையும் பார்க்க வேண்டும். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது. பிரசவத்தை முன்கூட்டியே வைப்பார்கள். 'சூடு, இளநீர் குடி' என்று யார் சொன்னாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிக் கொப்புளம் வந்தாலும் அப்படியே.

பிரசவத்துக்குப் பிறகு மங்கு பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மங்கும். கருத்தடை மாத்திரை ஆரம்பித்தால் திரும்பலாம், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரசவமான மூன்றாம் மாசம் வாக்கில் முடி கொத்தாகக் கொட்டலாம், பயப்பட வேண்டாம், முளைக்கும். பால் குடிக்கும்போது குழந்தை காம்பை மட்டும் சப்பினால் காம்பு வெடிக்கும். கருவட்டமும் வாய்க்குள் போகிறதா பாருங்கள், வெடிப்புக்குச் சுத்தமான லேனோலின் தடவலாம். பிள்ளை முகம் படும் இடத்தில் வேறெந்த மருந்து க்ரீமும் வேண்டாம். சிசேரியன் என்றால், புண் முழுக்க மூடிய பிறகு சிலிக்கான் ஜெல்லை இரண்டு மூன்று மாதம் விடாமல் பூசுங்கள். மஞ்சளை அரைத்துப் பச்சைப் புண்ணில் அப்பக்கூடாது. பாவாடை நாடாவைத் தையலுக்கு மேலே தள்ளிக் கட்டுங்கள், அது உரசி உரசியே தழும்பு தடிக்கும்.