செல்லின் பிஹெச் பற்றி ஆராய விரும்பும் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கவனமாகப் படித்தேன். பிளஸ் டூவில் உயிரியல்-கணிதப் பிரிவில் பயிலும் உங்கள் மகள், நீட் பயிற்சிக்குச் சென்றுகொண்டே, செல் தன்னுள் இருக்கும் அமிலத்தன்மையை எப்படி அறிந்து சரிசெய்கிறது என்பதை ஆராயப்போவதாகக் கூறுவதாகவும், அதற்குப் பி.டெக். பயோடெக்னாலஜியில் சேர்த்தால் போதுமா, வேலை கிடைக்குமா என்று நீங்கள் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இந்தக் கேள்வி அவரை உண்மையாகவே ஈர்த்திருக்கிறது என்றால், படிப்பின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், வேதியியலையும் கணிதத்தையும் ஆழமாகக் கற்பிக்கும் இடத்தைத் தேடுங்கள். அதற்கான காரணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணே பிஹெச்; அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். நம் இரத்தத்தின் பிஹெச் 7.4; பெரும்பாலான செல்களின் உள்ளே நிறைந்திருக்கும் சைட்டோபிளாசத்தில் அது ஏறத்தாழ 7.2. செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின்னழுத்தம் கொண்டது என்பதால், அமிலத்தன்மைக்குக் காரணமான, நேர்மின்சுமையுள்ள ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. அந்த மின்னழுத்தம் 60 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டு, மின்னழுத்தத்தையும் அயனிகளின் செறிவையும் இணைக்கும், உங்கள் மகளின் பாடநூலில் உள்ள நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால், செல் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் உள்ளே பிஹெச் 6.4 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும் என்ற விடை வரும். அது 7.2-இல் நிற்கிறது என்றால், செல் இடைவிடாமல் அமிலத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். அந்த வேலையைச் செய்யும் புரதங்களில் முக்கியமானது சோடியம்-ஹைட்ரஜன் பரிமாற்றி. ஒரு சோடியம் அயனியை உள்ளே விட்டு, ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே அனுப்புகிறது. இதன் உட்புறத்தில் ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டும் தனி இடம் ஒன்று உண்டு. உள்ளே அமிலம் சற்று கூடினாலும் அந்த இடம் நிரம்பி, பரிமாற்றியின் வேகம் மளமளவென்று உயர்கிறது; பிஹெச் 7.2-ஐ நெருங்கியதும் ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. அளப்பதும் சரிசெய்வதும் ஒரே புரதத்தின் வேலை என்பது, இத்தனை ஆண்டுகள் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லியும் எனக்கு வியப்புக் குறையாத செய்தி. இவற்றோடு பைகார்பனேட்டைக் கடத்தும் புரதங்களும், செல்லின் செரிமானப் பையான இலைசோசோமுக்குள் 4.5 முதல் 5 வரையிலான பிஹெச்சைப் பேணும் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) பம்புகளும் உள்ளன.

இனி, ஆய்வாளர் இதை எப்படி அளக்கிறார் என்பதைப் பாருங்கள். உங்கள் மகள் நாள்தோறும் செய்யப்போகும் வேலை இதுதான். பிசிஇசிஎஃப் என்னும் ஒளிர்சாயம் எஸ்டர் வடிவில் செல்லுக்குள் நுழைகிறது. உள்ளிருக்கும் நொதிகள் எஸ்டர் பிணைப்பை வெட்டியதும் சாயம் மின்சுமை பெற்று வெளியேற முடியாமல் தங்கிவிடுகிறது. அதன்மீது 490 நானோமீட்டர் ஒளியையும் 440 நானோமீட்டர் ஒளியையும் மாறி மாறிப் பாய்ச்சி, இரண்டு ஒளிர்வுகளின் விகிதத்தைக் கணக்கிடுவார்கள். முதல் ஒளிர்வு பிஹெச்சுக்கு ஏற்ப மாறும், இரண்டாவது பெரிதாக மாறாது; ஆகவே செல் தடிமனாக இருந்தாலும் சாயம் சிறிது கசிந்தாலும் விகிதம் பிழைபடுவதில்லை. ஆனால் விகிதம் என்பது இன்னும் பிஹெச் ஆகிவிடவில்லை. பொட்டாசியம் மிகுந்த கரைசலில் நைஜெரிசின் என்ற சேர்மத்தைச் சேர்த்து, உள்ளும் வெளியும் ஒரே பிஹெச் ஆகும்படி செய்து, 6.5, 7.0, 7.5 எனத் தெரிந்த கரைசல்களில் வைத்து அளவுத்திருத்தம் செய்த பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் வருகிறது. பின்னர் அம்மோனியம் குளோரைடைச் சிறிது நேரம் கொடுத்துக் கழுவிவிட்டால் செல்லுக்குள் அமிலம் மிகும்; பிஹெச் மீண்டு வரும் கோட்டின் சாய்வைச் செல்லின் தாங்கல் திறனால், அதாவது பிஹெச் மாற்றத்தை எதிர்த்து நிற்கும் திறனால், பெருக்கினால், வெளியேறும் அமிலத்தின் வேகம் கிடைக்கும். வெளிக்கரைசலில் சோடியத்தை நீக்கிவிட்டு அதே சோதனையைச் செய்து, மீட்சி நின்றுபோனால், வேலை செய்தது சோடியத்தைச் சார்ந்த கடத்தியே என்று தெரிந்துகொள்ளலாம்.

இதில் அயனிச் சமநிலை, மடக்கை, சாய்வு, ஒளியியல் ஆகியவை இல்லாத ஒரு படியைக்கூட நீங்கள் காண முடியாது. 2009-இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், அமிலச் சூழலில் மடங்கி ஒளிர்வை மாற்றும் டிஎன்ஏ கருவி ஒன்றை உருவாக்கி, உயிருள்ள செல்லுக்குள் பிஹெச்சை அளந்து காட்டியவர் யமுனா கிருஷ்ணன். அவர் இளநிலையில் படித்தது சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில், வேதியியல்.

ஆகவே, ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வுக்கு உங்கள் மகளை விண்ணப்பிக்கச் செய்யுங்கள். அதில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்குக்கும் சம எடை உண்டு என்பது அவருடைய பாடப்பிரிவுக்கு மிகவும் பொருந்தும். ஐந்தாண்டுப் படிப்பு, திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் வளாகங்கள் உள்ளன. புவனேசுவரத்தில் உள்ள தேசிய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான நைசரில் சேர நெஸ்ட் என்ற நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். இரண்டும் அமையாவிட்டால், நல்ல கலை-அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்து, ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் முதுநிலை சேரும் வழி திறந்தே இருக்கிறது. பி.டெக். பயோடெக்னாலஜியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நொதித்தல் தொட்டிகளில் பிஹெச்சைக் கட்டுப்படுத்தி மருந்துப் புரதங்களை உற்பத்தி செய்யும் தொழிலுக்கு அதுவே நேர்வழி. ஆனால் உங்கள் மகள் கேட்பது வேறு கேள்வி.

வேலை குறித்து உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. முதுநிலைக்குப் பின் முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆகும். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் கிடைக்கும் என்பதால் அந்தக் காலத்தில் அவர் உங்களைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பிச் சேரக் கூடாது. இரைப்பை அமிலத்துக்கு நாம் விழுங்கும் பான்டோபிரசோல் மாத்திரை புரோட்டான் பம்பைத் தடுக்கும் மருந்துதான் என்பதை நினைத்துப் பாருங்கள். இத்தகைய கடத்திப் புரதங்களை அளக்கத் தெரிந்தவர்களுக்கு மருந்து ஆய்வு நிறுவனங்களிலும், நுண்ணோக்கி ஆய்வகங்களிலும், நோயறிதல் கருவிகளை உருவாக்கும் இடங்களிலும் பணி உண்டு. நீட் தேர்வில் இடம் கிடைத்து மருத்துவம் படித்தாலும் இந்த ஆய்வுக்குப் பின்னர் வர முடியும். எனவே இந்த ஆண்டு நீட் பயிற்சியை நிறுத்த வேண்டாம். கணிதத்தை மட்டும் அதற்காகக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் சென்று, வேதியியல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்குள்ள பிஹெச் மீட்டரைத் தாங்கல் கரைசல்களில் வைத்து அளவுத்திருத்தம் செய்வது மாணவர்களா, ஆய்வக உதவியாளரா என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே உங்கள் மகள் கேட்கட்டும். மாணவர்கள்தாம் செய்கிறார்கள் என்றால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.