ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மகனிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். போன மாதம் நண்பன் பிறந்தநாள் என்று போனவன், தோட்டத்து மோட்டார் ரூமில் குடித்துவிட்டுப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்திருக்கிறான். கூட இருந்த பசங்களே 108-க்குப் போன் செய்து சேர்த்தார்கள். மறுநாள்தான் கண்ணைத் திறந்தான். வீட்டுக்கு வந்த அன்றே அவன் அப்பா பெல்ட்டை எடுத்துவிட்டார், இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. மாமியார் ‘வயசுப் பையன், விட்டுடு’ என்கிறார். என் அண்ணன் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கச் சொல்கிறார். அவன் அப்பாவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் குடிப்பவர்தான். நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் பசங்களைக் கூப்பிட்டு, போன் செய்ததற்கு நன்றி சொல்லுங்கள். குடித்ததற்குத் திட்டுவது வேறு. ஆனால் போன் செய்ததற்கும் சேர்த்து அடி விழுந்தால், அடுத்த முறை யாராவது விழுந்து கிடக்கும்போது அவர்கள் ஓடிவிடுவார்கள்.

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையன் கொஞ்ச நாளைக்கு உண்மையிலேயே பயந்துபோய் இருப்பான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டான், அவ்வளவுதான். அந்தப் பயம் இருக்கும்போது பேசினால்தான் காதில் ஏறும். உங்கள் வீட்டில் என்ன ஆனது என்றால், பெல்ட்டை எடுத்த நிமிஷமே பேச்சு குடியை விட்டு அப்பாவின் கோபத்துக்குப் போய்விட்டது. தான் செய்ததை யோசிக்க வேண்டியவன், இப்போது அப்பா அடித்ததையே யோசித்துக்கொண்டிருப்பான். இன்னும் கெட்டுப்போகவில்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

மாமா, சித்தப்பா எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து விசாரணை நடத்த வேண்டாம். நீங்கள் மட்டும், கீரை ஆய்ந்துகொண்டோ அவனோடு கடைக்கு நடந்தோ பேசுங்கள். ‘ஏன்டா குடிச்ச?’ என்றால் ‘தெரியல’ என்பான், அதோடு முடிந்தது. ‘அன்னைக்கு என்ன நடந்துச்சு, உனக்கு எதுவரைக்கும் ஞாபகம் இருக்கு?’ என்று கேளுங்கள். பாதியில் குறுக்கிடாமல் கேட்டால் நிறைய வரும். இதுதான் முதல் தடவையா, தனியாகவும் குடிக்கிறானா, தூக்கம் வரவோ மனசு சரியில்லாததாலோ குடிக்கிறானா, மாத்திரை, கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கும் புகையிலை) மாதிரி வேறு ஏதாவது உண்டா என்பதெல்லாம் அந்தப் பேச்சில் தெரியவர வேண்டியவை. ‘செத்தாலும் பரவாயில்லைன்னுதான் குடிச்சேன்’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அவனுக்கு அறிவுரையைவிடக் கணக்கு பிடிக்கும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, அதில் சுமார் 43 சதவீதம் ஆல்கஹால். அதாவது கிட்டத்தட்ட 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். பழக்கமில்லாத உடம்பில் கூல் டிரிங்க்ஸ் கலந்து பத்து நிமிஷத்தில் உள்ளே தள்ளினால், குடித்து முடித்த பிறகும் போதை ஏறிக்கொண்டேதான் இருக்கும். தன்னை ஏன் எழுப்ப முடியவில்லை என்பது அவனுக்கே புரியும்.

இனி உங்கள் கணவருக்கு. இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். சார், வீட்டில் பீரோவிலும் ஃபிரிட்ஜிலும் இருக்கிற பாட்டில் இன்றைக்கே வெளியே போகட்டும். சோடா வாங்க, சைடிஷ் வாங்க, டம்ளர் கழுவ அவனை அனுப்புகிற வழக்கம் இருந்தால் அதுவும் இன்றோடு நிற்கட்டும். ‘நான் சம்பாதிக்கிறேன், குடிக்கிறேன், நீ படிக்கிற பையன்’ என்ற வாதம் பதினாறு வயதுக்காரனிடம் செல்லாது, அவனும் ஒருநாள் சம்பாதிக்கத்தானே போகிறான்? உங்களால் நிறுத்த முடியவில்லை என்றால் அதையே அவனிடம் சொல்லுங்கள், ‘ஆரம்பிக்கும்போது நானும் உன்னை மாதிரி விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன், இப்ப விட முடியல’ என்று. என் அனுபவத்தில் இதைச் சொல்லத் துணிகிற அப்பாக்கள் குறைவு, சொன்ன வீடுகளில் பையன்கள் காது கொடுத்திருக்கிறார்கள். அடித்ததற்கும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது கொடுத்தால், சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இன்படி ஏழு ஆண்டு வரை சிறை. அன்றைக்குப் பசங்களுக்குச் சரக்கு வாங்கிக் கொடுத்த பெரியவர் யாராவது இருந்து, அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்தால், அவரிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

மறுவாழ்வு மையம் இப்போது வேண்டாம். ஒருமுறை அளவு மீறிக் குடித்தவன் குடிநோயாளி ஆகிவிடவில்லை. பெரியவர்களோடு கொண்டுபோய் அடைத்தால் தெரியாததையும் கற்றுக்கொண்டு வருவான். மாமியார் சொல்வது போல விட்டுவிடவும் வேண்டாம். சின்ன வயதில் தொடங்குகிறவர்களுக்குப் பின்னால் அடிமையாகும் ஆபத்து அதிகம்.

கேள்வி: கல்லூரி படிக்கும் மகன் அடிக்கடி குடித்துவிட்டு வருகிறான். அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து விளம்பரத்தில் வருகிறதே, வாங்கலாமா?
- ஒரு தாய், சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிராம் போன்ற மருந்து இருந்து, அது தெரியாமல் அவன் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு வலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கல்லீரலைப் பரிசோதித்து, அவன் சம்மதத்தோடு மருத்துவர் தர வேண்டிய மருந்து அது. தினமும் குடிப்பவன் என்றால் அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தவும் முயலாதீர்கள், வலிப்பு வரலாம்.

கேள்வி: குடித்து மட்டையானவருக்கு மோர், எலுமிச்சைச் சாறு கொடுத்தால் தெளியுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தெளியாது. தலையில் தண்ணீர் ஊற்றினாலும் தெளியாது, உடம்பு இன்னும் குளிர்ந்துபோகும். தட்டி எழுப்பியும் எழாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-க்குப் போன் செய்யுங்கள், வண்டி வரும்வரை மூச்சைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போகக் கூடாது. கண் மங்குகிறது என்றால் மெத்தனால் என்ற விஷம் கலந்த சரக்காக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதுதான். குடித்த பாட்டிலோ பாக்கெட்டோ கிடைத்தால் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.