பெகோனியாக் கிழங்கு: மாசிக்கு முன் வந்த கேள்விகள்

தை பிறந்தால் போதும், இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பெங்களூரு லால்பாக்கில் குடியரசு தின மலர்க் கண்காட்சி பார்க்கப் போகிறவர்கள் திரும்பும்போது கையில் ஒரு சின்னப் பையில் கிழங்கு இருக்கும். பையின் மேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பூ படம். உள்ளே காய்ந்த சாண வரட்டித் துண்டு மாதிரி ஒன்று. அதை எப்படி நடுவது என்று விற்றவர் சொல்லியிருக்க மாட்டார்.

தேன்கனிக்கோட்டை பக்கம் என் வீட்டில் பதினைந்து வருடமாகக் கிழங்கு பெகோனியா வளர்க்கிறேன். எங்கள் தோட்டக் குழுவில் இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

ஓசூர், ஆசிரியை: அக்கா, கிழங்கில் ஒரு பக்கம் குழியாக இருக்கிறது, ஒரு பக்கம் உருண்டையாக இருக்கிறது. எது மேலே?

குழி மேலே, உருண்டை கீழே. போன வருடத் தண்டு உதிர்ந்த தழும்புதான் அந்தக் குழி. புது முளையும் அங்கிருந்துதான் வரும்.

அந்தக் குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது. இதை இன்று பல முறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2011ல் முதன்முதலாகப் பன்னிரண்டு கிழங்கு வாங்கினேன். தினமும் காலையில் செம்பில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு குழியிலும் ஊற்றினேன். மூன்று வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் ஒன்பது கிழங்கு கூழாகிக் கிடந்தது. மிச்சம் மூன்றும் தொட்டி ஓரத்தில் இருந்ததால் தண்ணீர் சரியாகப் படாதவை. அவைதான் பூத்தன.

தளி, இல்லத்தரசி: முளைக்க வைப்பதை முதலிலிருந்து சொல்லுங்கள். போன வருடம் நேராகத் தொட்டியில் நட்டேன், ஒன்றும் வரவில்லை.

நேராகப் பெரிய தொட்டிக்குப் போகவே வேண்டாம். பெரிய தொட்டியில் மண் அதிகம், வேர் இல்லாத கிழங்கு அந்த ஈரத்தை உறிஞ்ச முடியாது. ஈரம் தேங்கி அழுகும். அகலமான, ஆழம் குறைந்த தட்டு போதும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும்.

தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். பிழிந்து எடுத்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. பெர்லைட் (தண்ணீர் தேங்காமல் வடிய உதவும் லேசான வெள்ளைத் துகள்) கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். தட்டில் மூன்று விரல் உயரத்துக்குப் பரப்பி, கிழங்குகளைக் குழி மேலே பார்க்க, ஒன்றை ஒன்று தொடாமல் பதியுங்கள். பெகோனியாக் கிழங்குக்கு அடியில் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் மேல் விளிம்பிலும்கூட வேர் வரும். அதனால் மேலே அரை விரல்கடை அளவுக்கு லேசாக மூடலாம். முளை தெரிந்தால்தான் நிம்மதி என்பவர்கள் குழியை மட்டும் திறந்து விடுங்கள். இரண்டும் சரி.

வெப்பம் 20 முதல் 24 டிகிரி வேண்டும். நம் தளி, தேன்கனிக்கோட்டை வீடுகளில் மாசி மாதத்தில் அறைக்குள் அந்த வெப்பம் தானாகவே இருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் மாதிரி அடியில் சூடு கொடுக்கத் தேவையில்லை. வெயில் படாத, வெளிச்சமான இடம் பாருங்கள். முளை தெரியும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். நார்க்கழிவு மேலே வெளிறினால் தட்டின் ஓரமாகக் கொஞ்சம் தெளித்தால் போதும். முளைக்க மூன்று வாரமும் ஆகும், ஆறு வாரமும் ஆகும். ஒரே பையில் வாங்கிய கிழங்குகளே ஒன்றுபோல் முளைக்காது. பத்தாம் நாள் தோண்டிப் பார்க்காதீர்கள்.

முளை இரண்டு மூன்று அங்குலம் வந்து, இரண்டு இலை விரிந்ததும் வேர்ப்பந்தோடு எடுத்து எட்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. என் கலவை இதுதான்.

கிருஷ்ணகிரி, வங்கி ஊழியர்: ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, ஆடியில் நடலாமா? அப்போதுதான் நமக்கு வெயில் தணிகிறது.

நல்ல கேள்வி சார். காய்கறிக்கு அந்தப் பழமொழி பொருந்தும். இந்தச் செடிக்குப் பொருந்தாது. வெயிலை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இந்தச் செடி பகல் நீளத்தையும் கணக்கில் வைத்திருக்கிறது.

பகல் நீளமாக இருக்கும் வரை இலையும் பூவுமாக வளரும். பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே சுருங்கத் தொடங்கினால், காலம் முடிந்துவிட்டது என்று பூவை விட்டுவிட்டுக் கிழங்கு பருக்க வைக்கப் போய்விடும். ஐரோப்பாவில் கோடைப் பகல் பதினாறு மணி நேரம். நம் பக்கம் ஆனி மாதத்தில்கூடப் பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. மார்கழியில் பதினொன்றரைக்கும் கீழே இறங்கும். ஆக நமக்குக் கிடைக்கும் அவகாசமே குறைவு. நட்டதிலிருந்து நல்ல பூ வர மூன்று நான்கு மாதம் ஆகும். ஆடியில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில்தான் மொட்டு. அப்போது பகல் சுருங்கி, செடி குட்டையாக நின்று, ரூபாய் அளவுக்கு இரண்டு பூ பூத்துப் படுத்துவிடும்.

மாசியில் முளைக்க வைத்தால் பங்குனி கடைசிக்குள் வேர் பிடித்துவிடும். சித்திரை, வைகாசியில் நிழல்வலையின் கீழ் தாக்குப்பிடிக்கும். தென்மேற்குக் காற்று வந்து குளிர்ந்ததும் ஆனி, ஆடி, ஆவணியில் பூக்கும். ஆடியில்தான் வைப்பேன் என்றால் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை செடிகளுக்கு மேல் ஒரு பல்பு எரிய விடுங்கள். நான் இரண்டு வருடம் செய்து பார்த்தேன், கார்த்திகை வரை பூத்தது. ஓசூர் பக்கம் சாமந்திக்கு பல்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பூ தள்ளிப்போக வேண்டும் என்பதற்காக, இங்கே பூ நிற்காமலிருக்க.

தர்மபுரி, கல்லூரி மாணவி: எங்கள் வீடு தர்மபுரி டவுனில், மொட்டைமாடி. வளருமா அக்கா?

மனசு கேட்கவில்லை, ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன் கண்ணு. மொட்டைமாடியில் வேண்டாம். இதன் முன்னோர்கள் பொலிவியா, பெரு நாடுகளின் ஆண்டிஸ் மலைச் செடிகள். அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், 1870ல் முதல் கலப்பினம் வந்தது. பகலில் மிதமான சூடு, இரவில் குளிர்ச்சி, இதுதான் அதன் பழக்கம். முப்பது டிகிரிக்கு மேலே போனால் மொட்டு உதிரும். ஓசூர், தளி கடல் மட்டத்திலிருந்து 900, 1000 மீட்டர் உயரம். தர்மபுரி அதில் பாதிதான். சித்திரை வெயிலில் உங்கள் மாடித் தளத்தில் கால் வைக்க முடியாதே.

கலேடியம் கிழங்கு வாங்குங்கள். அதே தட்டு, அதே நார்க்கழிவு முறை. சூட்டை விரும்பும், நிழலில் இலையே பூ மாதிரி இருக்கும். பெகோனியாதான் வேண்டும் என்றால் கிழங்கு இல்லாத, மூங்கில் போல் கணு வைத்து வளரும் வகை இருக்கிறது. அது தர்மபுரியைத் தாங்கும்.

சூளகிரி: குழி மேலா கீழா?

மேலே. முதல் பதிலைப் படியுங்கள்.

பாலக்கோடு, விவசாயி: சேனையை வெட்டி, சாணிப்பாலில் முக்கி, நிழலில் காயவைத்து நடுகிறோம். ஒன்று நாலாகும். பெகோனியாக் கிழங்கு விலை அதிகம், அதையும் அப்படியே வெட்டினால் என்ன?

வேண்டாம் அண்ணா. சேனையின் வெட்டு வாய் காய்ந்து தோலாகிவிடும். பெகோனியாக் கிழங்கு சின்னது, நீர்ப்பதம் அதிகம். சாணிப்பால் ஈரம் பட்டால் அந்த வெட்டு வழியாகவே அழுகல் நுழையும்.

அவரே: எங்கள் அப்பா காலத்திலிருந்து சாணிப்பாலில் ஒரு துண்டுகூட அழுகியதில்லை. நீங்கள் செய்து பார்த்தீர்களா?

ராயக்கோட்டை, பூ விவசாயி: அண்ணன் சொல்வது நியாயம்தானே. டேலியாவை நாங்கள் பிரித்துத்தான் நடுகிறோம்.

தேன்கனிக்கோட்டை, விவசாயி: உருளையையும் வெட்டித்தான் போடுகிறோம்.

மூன்று பேரும் மூன்று வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். கிழங்கு என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம், அதனால் வரும் குழப்பம்.

உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண், அதாவது முளை கிளம்பும் இடம். எங்கே வெட்டினாலும் ஒரு கண்ணாவது துண்டில் இருக்கும். டேலியாவில் பருத்திருப்பது வேர், அதில் கண்ணே கிடையாது. கண் தண்டின் அடிக்கழுத்தில் இருக்கும், அதனால் கழுத்தோடு சேர்த்துப் பிரிக்கிறீர்கள். சேனைக்கு நடுவில் ஒரு பெரிய முளை. துண்டு போடும்போது ஒவ்வொன்றிலும் அந்த நடுமுளையின் பங்கு வருகிற மாதிரி வெட்டுவது உங்களுக்கே தெரியும். அதுவும் துண்டு அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அத்தனை தீனி உள்ளே இருப்பதால் அது தாங்கும். பெகோனியாவில் கண்கள் எல்லாம் குழிக்குள்ளே நெருங்கி இருக்கும், கிழங்கு மொத்தமே எலுமிச்சம்பழம் அளவு. நாலாக வெட்டினால் துண்டுக்கு எத்தனை கண், எத்தனை தீனி?

செய்து பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். பார்த்தேன். நாலு வயதுக் கிழங்கு, உள்ளங்கை அகலம். முளைகள் தெளிவாகத் தெரிந்த பிறகு, துண்டுக்கு ஒரு முளை வருகிற மாதிரி இரண்டாக வெட்டி, கரித்தூள் தடவி, மூன்று நாள் நிழலில் வைத்து நட்டேன். இரண்டும் பிழைத்தன. அடுத்த வருடம் சின்னக் கிழங்கில் அதையே செய்தேன், ஆறு துண்டில் ஐந்து போயிற்று. வயதான பெரிய கிழங்காக இருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

பாலக்கோடு விவசாயி: சரிம்மா, நானும் போன வருடம் நாலு துண்டு போட்டேன். ஒன்றுதான் வந்தது. அது சாணிப்பால் போடாமல் அடுப்புச் சாம்பலில் புரட்டி வைத்தது.

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் அண்ணா! உலர்ந்த சாம்பல் வெட்டு வாயின் ஈரத்தை இழுத்திருக்கும். உங்கள் ஒரு துண்டு எனக்கும் பாடம். இந்த வருடம் ஒரு கிழங்கில் சாம்பல், ஒரு கிழங்கில் கரித்தூள் போட்டுப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள், புரட்டாசியில் ஒப்பிடுவோம்.

செடி பெருக்க வேண்டுமென்றால் வெட்டாமலே வழி இருக்கிறது. ஒரு கிழங்கில் நாலு ஐந்து முளை வந்தால் இரண்டை விட்டுவிட்டு, மற்றவை மூன்று அங்குலம் வளர்ந்ததும் அடியோடு பிரித்து நார்க்கழிவில் குத்துங்கள். பங்குனிக்குள் குத்தினால் வேர் விட்டு, வருடக் கடைசிக்குள் அதுவே ஒரு சின்னக் கிழங்கு வைத்துவிடும். தாய்க்கிழங்குக்கு ஆபத்தில்லை.

பர்கூர்: சேனை மாதிரி பெகோனியாவையும் வெட்டி நடலாமா?

மேலே இதற்குத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். படியுங்கள்.

ஓசூர், ஐடி ஊழியர்: ஆன்லைனில் நீல நிறப் பெகோனியாக் கிழங்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். கிழங்கு பெகோனியாவில் நீலம் கிடையாது. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, சிவப்பு, இவற்றின் கலவைகள், அவ்வளவுதான். கையில் எடுத்து அமுக்கிப் பார்த்து வாங்க முடிந்தால் நல்லது. கெட்டியாக இருக்க வேண்டும். குழிக்குள் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி, வைத்துவிட்டு வாருங்கள்.

காவேரிப்பட்டணம்: போர் தண்ணீர் ஊற்றினால் தொட்டி ஓரம் வெள்ளை பூக்கிறது. செடிக்குக் கெடுதலா?

ஆமாம், கெடுதல்தான். பெகோனியாவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் பிடிக்கும். நம் மாவட்டத்துக் கடின நீர் மண்ணின் புளிப்பைக் குறைத்து, உப்பைச் சேர்த்துக்கொண்டே போகும், இலை வெளிறும். மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வருகிற வீடென்றால் அதில் ஒரு குடம் செடிக்கு ஒதுக்குங்கள். எதை ஊற்றினாலும் ஓரமாக ஊற்றுங்கள், குழியில் ஊற்றாதீர்கள்.

தளி: ஒரே காம்பில் நடுவில் பெரிய பூ, இரண்டு பக்கமும் சின்ன ஒற்றைப் பூ. நோயா?

நோய் இல்லை. நடுவில் இருப்பது ஆண் பூ, அதுதான் அடுக்காக விரியும். பக்கத்து இரண்டும் பெண் பூக்கள், பின்னால் மூன்று சிறகு வைத்த காய் இருக்கும். அந்த இரண்டையும் மொட்டிலேயே கிள்ளினால் நடுப் பூ பெரிதாகும். இன்னொன்றும் சொல்கிறேன்: இலையின் கூர் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பூவும் அந்தப் பக்கமே முகம் காட்டும். தொட்டியை வைக்கும்போதே இலை நுனி உங்களைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள்.

ஊத்தங்கரை: இலையில் வெள்ளைப் பொடி.

சாம்பல் நோய். காற்றோட்டம் கொடுங்கள், இலையில் தண்ணீர் படாமல் பாருங்கள். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம் மட்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

கெலமங்கலம்: பசுமைக்குடிலில் வியாபாரத்துக்குச் செய்ய நினைக்கிறேன். லாபம் வருமா?

நான் வீட்டுக்கு வளர்ப்பவள், லாபக் கணக்கு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தளியில் அரசின் கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

ஓசூர்: வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது.

எட்டாத இடத்தில் வையுங்கள். கிழங்கில் ஆக்சலேட் உப்பு இருக்கிறது, கடித்தால் வாய் எரிந்து வாந்தி எடுக்கும். பூனைக்கும் அப்படித்தான்.

மத்தூர்: பூத்து முடிந்த பிறகு கிழங்கைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

ஐயோ, போடாதீர்கள்! வருடா வருடம் கிழங்கு பெரிதாகும், பூவும் கூடும். ஐப்பசியில் இலை மஞ்சளானதும் தண்ணீரைக் குறையுங்கள். தண்டைப் பிடுங்காதீர்கள், தானாகக் கழன்று விழட்டும். பிடுங்கினால் குழியில் காயம் படும். பிறகு எடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில் புதைத்து வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகும்.

அஞ்செட்டி: மாசி வர இன்னும் நாள் இருக்கிறது. பையைத் திறந்தால் கிழங்கில் அரிசி அளவு இளஞ்சிவப்பு முளை வந்துவிட்டது. காத்திருக்கவா?

காத்திருக்க வேண்டாம். முளை பைக்குள் நீண்டால் வெளிறி ஒடிந்துவிடும். அஞ்செட்டியில் இப்போது இரவு குளிர் அதிகம், அதனால் தட்டை வெளியே வைக்காமல் சமையலறை ஜன்னல் ஓரம் வையுங்கள். இன்று மாலையே நார்க்கழிவை அலசிப் பிழிந்து தயார் செய்யுங்கள். குழி மேலே. முளை ஒரு அங்குலம் வரும் வரை செம்பைத் தொடாதீர்கள்.